அவசர விதை, தூங்குமூஞ்சி விதை

தோட்டத்து வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பால்வெட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இருட்டோடு பெரட்டு, தலையில் விளக்கு, வெட்டுக்கத்தி, மங்கு, வாளி. தப்பில்லை. ஆனால் ஒரு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். எண்ணெய் தரும் செம்பனை குலை தள்ளவே இரண்டரை, மூன்று வருஷம். அதற்கும் முன்னால் அந்த மரம் விரல் நீளத்தில் நர்சரியில் நின்றிருக்கிறது. அதற்கும் முன்னால் கொட்டையாக ஒரு சாக்கில் கிடந்திருக்கிறது. அந்தச் சாக்கைப் பிரித்தது யார், எப்படி முளைக்க வைத்தார்கள் என்று கேட்டால் புத்தகங்களில் பதில் கிடைப்பது கஷ்டம். ஜொகூரின் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் நர்சரிக் கிராணியாக இருந்தவன். என் அம்மா அதே நர்சரியில் பாத்தி வேலை பார்த்தவர். ஆகவே இந்தப் பகுதியை நான் எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

விதையை வீட்டுக்குள் முளைக்கவைப்பது வசந்தத்துக்குக் காத்திருக்கும் ஊர்களின் வேலை என்று தோன்றும். ஜொகூரில் வசந்தகாலம் கிடையாது. குளிர்நாடுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியே பனி கிடக்கும்போதே ஜன்னலோரத்தில் தட்டு வைத்து, தக்காளியும் சாமந்தியும் துளசியும் விதைத்து, வெயில் வந்ததும் வெளியே மாற்றுகிறார்கள். நமக்கு அந்த மாதங்களில் கித்தா இலை பழுத்துக் கொட்டும். அதற்கு முந்தின நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கு மழை வந்து கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் நனைத்து எடுக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். இங்கே விதையைக் கூரைக்குள் கொண்டுவருவதற்குக் குளிர் காரணமில்லை. ஒரு சாயங்கால மழை போதும், பாத்தியில் தூவிய மிளகாய் விதை மொத்தமும் அல்லூருக்குப் போய்விடும். மழை விட்டால் வெயில். வெயில் தணிந்தால் எறும்பு. லயத்து வாசல் தாழ்வாரத்தில் பால் டின்னில் ஓட்டை போட்டு, மணலும் சாம்பலும் கலந்து, மிளகாயும் கத்தரியும் முளைக்கப் போடாத வீடு எங்கள் தோட்டத்தில் இல்லை. கல்யாண வீட்டில் சுமங்கலிகள் நவதானியத்தை ஊறவைத்துப் பாலிகைக் கிண்ணங்களில் தெளித்து, நீர் ஊற்றி, முளை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதும் இதே வித்தைதான். விதையை எத்தனை நேரம் ஊறவைக்கலாம், எப்போது அழுகும் என்பது எங்கள் பெண்களுக்கு நர்சரி வேலைக்கு வருமுன்னரே தெரியும். துரைமார் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மலாயா கித்தாவின் முதல் முளையே வீட்டுக்குள் விட்ட முளைதான். அதுவும் லண்டனில். ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 கொட்டைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். 1876 ஜூன் மாத நடுவில் அவை கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கண்ணாடி வீடுகளில் இருந்த செடிகளை அவசரமாக அப்புறப்படுத்திவிட்டு விதைகளைப் பரப்பினார்கள். நாலாம் நாளே சில முளைத்தன. ஆனால் மொத்தத்தில் நாற்றானது 2,700 சொச்சம். நூற்றுக்கு நாலுகூட இல்லை. என் நர்சரியில் அப்படி ஒரு பாத்தி வந்திருந்தால் பெரிய துரை என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

கியூவில் யாரும் தவறு செய்யவில்லை. கித்தாக்கொட்டையின் குணம் அது. உள்ளே எண்ணெய் நிறைந்த பருப்பு, மேலே பளபளவென்று புள்ளி போட்ட ஓடு. பார்க்க வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம் போலத் தோன்றும். விழுந்த இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே பருப்பு கெட ஆரம்பித்துவிடும். நெல்லைப் போலப் பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது. உலர்த்தினால் செத்துப்போகும், ஈரமாகக் குவித்தால் புழுங்கிப்போகும். அந்த 70,000 கொட்டைகளும் அட்லாண்டிக் கடலைக் கடந்த அத்தனை நாளும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டேதான் வந்திருக்க வேண்டும்.

பிழைத்த நாற்றுகளில் 1,919 வார்டு பெட்டிகளில் ஏறி இலங்கைக்குப் போயின. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் வைத்தியர் கண்டுபிடித்த, மூடிய கண்ணாடிப் பெட்டி அது. உள்ளேயே ஆவியாகி உள்ளேயே சொட்டும் தண்ணீரில் செடி மாசக்கணக்கில் கடல் தாண்டும். 38 பெட்டிகள் போயின என்று கணக்கு இருக்கிறது. சிங்கப்பூருக்கு அந்த வருஷம் அனுப்பியவை பிழைக்கவில்லை. 1877இல் மறுபடி 22 நாற்றுகள் வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின, மீதி சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் நின்றன. இந்த நாட்டில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற கித்தாக் காட்டில் பெரும்பகுதிக்கு அந்த 22தான் பூர்வீகம்.

1888இல் சிங்கப்பூர் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லியைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. சட்டைப் பையில் கித்தாக்கொட்டையை வைத்துக்கொண்டு போகிற வருகிற காப்பித் தோட்டக்காரர்களிடமெல்லாம் நீட்டுவாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பெயரும் வாங்கினார். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்தவர் என்றுதான் அவரைப் போற்றுகிறார்கள். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. கொட்டை சாகுமுன் அதை இன்னொருவன் மண்ணில் இறக்க வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு இருந்திருக்கிறது. அந்தப் பதற்றம் நர்சரிக்காரனுக்கே உரியது. மனிதர் 100 வயது வரை இருந்து, 1956இல் மலாயா சுதந்திரத்தை எட்டும் நேரத்தில்தான் போனார். 1896இல் மலாக்காவின் டான் சே யான் மரவள்ளியோடு கித்தாவையும் போட்டு வியாபார ரீதியாகத் தொடங்கிய பிறகு ரிட்லியின் சட்டைப் பைக்கு வேலை குறைந்தது.

ஜொகூர் அப்போது வேறு பயிரில் மூழ்கியிருந்தது. கம்பிரும் மிளகும். கங்சுகள் எனப்பட்ட சீன ஆற்றுத்தலைவர்கள் ஆற்றோரம் காடு திருத்தி நட்டார்கள். கங்கார் பூலாய், கங்கார் திப்ராவ் என்று இன்றைக்கும் இருக்கும் ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்துப் படகுத்துறைகளின் மிச்சம். கம்பிர் இலையைக் காய்ச்சி எடுக்கும் பசையைத் தோல் பதனிடவும், வெற்றிலையோடு போடவும் விற்றார்கள். அதன் விதை தூசி மாதிரி, ஊதினால் பறந்துவிடும். அதையும் நிழலில் ஈர மண்ணில் பதமாக முளைக்கவைத்துத்தான் நாற்று எடுத்தார்கள். ஆக, ஜொகூரில் நாற்றுவேலையில் எங்களுக்கு மூத்தவர்கள் அந்தத் தேயோசூ சீனர்கள். மண் சத்து தீர்ந்து, அடுப்புக்கு விறகும் தீர்ந்து, விலையும் இறங்கியபோது அதே நிலங்களில் கித்தா ஏறியது. கங்சு முறையை 1917இல் சட்டப்படி ஒழித்தார்கள். ஆனால் அதற்கு முன்னரே காலம் மாறிவிட்டது.

மாற்றியது கம்பிச் சடக்கு. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் 1909இல் முடிந்தது. சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று அந்தத் தடத்தின் இருபுறமும் தோட்டங்கள் முளைத்தன. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்டக்காரர்கள் எல்லாரும் பணம் போட்டு ஆள் கொண்டுவரும் ஏற்பாடு நடந்தது. கங்காணிகள் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரனையும் பக்கத்துத் தெருக்காரனையும் கூட்டிவந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அதை நிறுத்தும் வரை அந்த ஓட்டம் ஓயவில்லை. என் தாத்தா அந்தக் கடைசிப் பத்து வருஷத்துக்குள் வந்தவர்.

கித்தாக்கொட்டைக்கு இங்கே ஒரு பருவம் உண்டு. ஜொகூரின் வசந்தம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். இலை கொட்டித் துளிர்த்தபின் பூ, பூவிலிருந்து அஞ்சு மாசம், ஆகஸ்டு வாக்கில் காய் முற்றும். மத்தியானம் வெயில் ஏற ஏற, காடு முழுக்கப் பட்டாசு மாதிரி வெடிக்கும். மூன்று கொட்டை மூன்று திக்கில் தெறிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது திருவிழா. இரண்டு கொட்டைகளைக் கையில் வைத்து நெருக்கி எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவோம். சிமென்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் முதுகில் வைப்போம். பாதி விளையாட்டு, பாதி வேலை. பொறுக்கிய கொட்டையை மண்ணெண்ணெய் டின்னில் அளந்து காசு கொடுப்பார்கள்.

அதிலிருந்து நர்சரியில் ஒரு வாரம் தூக்கம் இருக்காது. முதலில் பொறுக்கல். ஓடு பளபளவென்று இருந்தால் புதுசு, மங்கினால் பழசு. தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளுவார்கள். என் அம்மாவுக்குத் தண்ணீர் தேவையில்லை. ஒரு கொட்டையை மேலே எறிந்து உள்ளங்கையில் வாங்குவார், கனத்திலேயே தெரிந்துவிடும். தூரத்துத் தோட்டத்துக்குக் கொட்டை அனுப்புவதென்றால் ஈரக் கரித்தூளில் புதைத்துப் பெட்டியில் அடைப்பார்கள். இங்கேயே போடுவதென்றால் லாலான் புல்லோ ஓலையோ வேய்ந்த தாழ்வான பந்தல், அதன் கீழே மணல் அல்லது மரத்தூள் பாத்தி. கொட்டையின் தட்டையான வயிற்றுப்பக்கம் கீழே இருக்க, ஒன்றை ஒன்று தொடும்படி நெருக்கி அடுக்கி, முதுகு தெரியும் அளவுக்கு மணல் தூவி, மேலே ஈரச்சாக்கு. காலை ஒரு தண்ணீர், சாயங்காலம் ஒரு தண்ணீர். ஏழெட்டு நாளில் வெள்ளை முளை தலை நீட்டும். அதை அன்றன்றே எடுத்து நாற்றுப் பாத்திக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் ஆணிவேர் நீண்டுவிடும், பிடுங்கும்போது ஒடியும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு முளைக்கிறதை எங்கள் தோட்டத்தில் தூக்கி எறிவோம். சோம்பேறிக் கொட்டை சோம்பேறி மரமாகத்தான் வரும் என்பது தண்டல்மார் கண்ட சாத்திரம். அதில் உண்மையும் இருக்கிறது.

1916, 1917 வாக்கில் ஜாவாவில், போகோர் தோட்டத்து வான் ஹெல்டன் என்பவரும் சில தோட்டக்காரர்களும் கித்தாவில் ஒட்டுக்கட்டும் முறையை உருவாக்கினார்கள். நல்ல பால் தரும் தாய்மரத்துக் கண்ணை எடுத்து, சாதாரண நாற்றின் அடித்தண்டில் பட்டையைக் கீறிச் செருகிக் கட்டுவது. அது மலாயாவுக்கு வந்தபின் நர்சரியின் லட்சணமே மாறிப்போனது. அதுவரை கொட்டைதான் மரம். அதன்பின் கொட்டை வெறும் வேருக்கு, மரம் வேறு எங்கிருந்தோ வரும். மெழுகுத் துணி, பிறகு பிளாஸ்டிக் நாடா, சின்னக் கத்தி என்று ஒட்டுக்கட்டுவோர் தனி சாதியாக ஆனார்கள். பிடித்த ஒட்டுக்குத்தான் கூலி. நல்ல ஒட்டுக்காரன் ஒருவனைப் பக்கத்துத் தோட்டம் இழுத்துக்கொண்டு போனதற்காக இரண்டு துரைமார் கிளப்பில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று ஒரு ரகம், கித்தா ஆராய்ச்சிக் கழகம் ஜாவாவின் ஒரு ரகத்தையும் சிலாங்கூர் பிராங் புசார் தோட்டத்து ரகம் ஒன்றையும் கலந்து எடுத்தது. என் காலத்தில் அதைவிட அதிகமாக நாங்கள் ஒட்டிய கண் இல்லை.

நர்சரிக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் சந்தையிலிருந்து வந்தன. 1934இல் உலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து, புது நடவுக்குத் தடை போட்டார்கள். கொட்டை வெடித்து வெடித்துக் காட்டிலேயே மக்கியதாம். தடை முடியுமுன் ஜப்பான்காரன் வந்தான். 1942இல் கிம்மாசில் சண்டை, ஒரு மாசத்தில் சிங்கப்பூர் விழுந்தது. அரிசி கிடையாது. நர்சரிப் பாத்திகளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையும் போட்டார்கள். நன்றாகக் கொத்திப் பதப்படுத்திய மண் தோட்டத்திலேயே அது ஒன்றுதான். ஆம்பிளைகளில் பலர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. பாத்தியைக் காத்தது பெண்கள். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி என் பாட்டி பேசமாட்டார். ஆகவே நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1952இல் மறுநடவுக்கு நிதி ஏற்படுத்திச் சட்டம் வந்தது. கிழட்டுக் கித்தா மரங்கள் சாய்ந்தன, நர்சரி நிரம்பியது. ஆனால் அந்த மறுநடவிலேயே பல தோட்டங்கள் கித்தாவை விட்டுச் செம்பனைக்குத் தாவின. இரண்டாவது விதைக்கு இங்கேதான் வருகிறேன். எனக்குப் பிரியமான விதையும் இதுதான்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் போகோர் தோட்டத்தில் நாலு கன்றுகள் நட்டார்கள். அந்த நாலின் வம்சம் சுமத்ராவின் டெலி வழியாக மலாயா வந்தது. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கு முதலில் போட்டார். பின்னாளில் நாவல் எழுதி கோன்கூர் பரிசு வாங்கிய தோட்டக்காரர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஜொகூரில் 1920களில் கத்ரி கம்பெனி இறங்கியது. லாயாங்-லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தில் பொறுக்கி வளர்த்த டெலி மரங்களின் வம்சம் உலகத்துச் செம்பனை நர்சரிகளில் இன்னும் ஓடுகிறது. போருக்குப் பிறகு குளுவாங்கில் யூனிலீவர் வந்தது. 1961இல் கூலாய் பக்கம் தாயிப் அண்டாக்கில், அரசாங்க நிலக்குடியேற்ற அமைப்பான ஃபெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம். நாடு முழுக்கச் செம்பனை ஆனதில் ஜொகூருக்குப் பெரிய பங்குண்டு.

கித்தாக்கொட்டை காத்திருக்காது. செம்பனை விதை எழுந்திருக்காது. கல் மாதிரி ஓடு. மண்ணில் போட்டுவிட்டு நீங்கள் பென்ஷன் வாங்கிப் போய்விடலாம், அது மாசக்கணக்கில், சிலது வருஷக்கணக்கில் தூங்கும். ஆப்பிரிக்கக் காட்டில் மரங்கள் விழுந்து வெளி உண்டாகி, வெயில் நேராக மண்ணில் அடித்துச் சூடேறும்போதுதான் அது கண் திறக்குமாம். ஜொகூர் வெயில் அதற்குப் போதாது. என்னிடம் வரும் இளம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வியர்த்து ஊற்றும் இந்த ஊர், ஒரு விதைக்குக் குளிர் ஊர்.

அதற்காகத்தான் சூட்டறை. 1950களின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்க ஆராய்ச்சி நிலையங்களில் முறைப்படுத்திய வழி அது. பழச்சதையை நீக்கிச் சுத்தமாக்கிய கொட்டையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு நிழலில் மேல்ஈரம் போக உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி, 39லிருந்து 40 டிகிரி வரை சூடுள்ள மூடிய அறையில் அடுக்குவார்கள். 40 நாள், 60 நாள், சில விதைக்கு இன்னும் கூட. இடையில் பையைப் பிரித்துக் காற்று காட்டுவார்கள். நாள் முடிந்ததும் வெளியே எடுத்து மறுபடி ஊறவைத்து, சாதாரணச் சூட்டில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை குபுகுபுவென்று கிளம்பும். சூடு இரண்டு டிகிரி கூடினால் கரு வெந்துவிடும். குறைந்தால் விழிக்காது. ஈரம் கூடினால் பூஞ்சணம். கருவியைப் பார்த்துச் சூடு வைத்துவிடலாம், ஈரத்தை வைக்கக் கைதான் வேண்டும். குளிர்நாட்டுக்காரன் ஜன்னலோரத்தில் செய்வதை நாங்கள் இப்படிப் பெரிய அறையில், ஆயிரக்கணக்கில் செய்தோம்.

முளைவிட்ட விதை கைக்கு வந்ததும் பெண்கள் வேலை தொடங்கும். கொட்டைக்கு ஒரே கண்ணிலிருந்து இரண்டு முனை வந்திருக்கும். ஒன்று குருத்து, ஒன்று வேர். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே வெள்ளை. பழகாத ஆள் தலைகீழாகப் புதைத்துவிடுவான். அப்படிப் புதைத்தது செத்தும் போகாது, முறுக்கிக்கொண்டு மேலே வந்து, கோணல் செடியாக நின்று ஒரு மாசத்துக்குப் பிறகுதான் காட்டிக்கொடுக்கும். குருத்து முனை கூராக இருக்கும். வேர் முனை மொட்டையாக, லேசாகப் பழுப்பாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். புது ஆட்களுக்கு எங்கள் பாத்தி மண்டோர் அக்கா சொல்வது இது: “கண்ணால பாக்காத, கட்டை விரலால பாரு.” வெளிச்சம் மங்கலான நாளில் அந்த அக்காவின் வரிசையில் கோணல் செடி குறைவாக இருந்ததை என் பதிவேடே சொல்லும்.

1960கள் வரை நிலத்தில் வளர்த்து மண்கட்டியோடு தோண்டித்தான் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பாலித்தீன் பை வந்தது. சின்னப் பையில் மூன்று மாசம் நிழலில், அப்புறம் 15க்கு 18 அங்குலப் பெரிய பையில் ஒன்பது மாசம் வெயிலில். பை நிரப்புவது என்று சொன்னால் ஏதோ லேசாகத் தோன்றும். சல்லடை போட்ட மேல்மண், ராக் பாஸ்பேட், மூட்டை மூட்டையாக. நிரப்பி, குலுக்கி, இறுக்கி, தூக்கி, மூன்றடிக்கு மூன்றடி முக்கோண வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு வருஷம் தண்ணீர், களை, உரம். ஆனால் இதெல்லாம் தோட்டத்துக் கணக்கில் ‘லேசு வேலை’. பால்வெட்டுக்கு ஒரு கூலி, நர்சரிக்கு அதைவிடக் குறைந்த கூலி. பெண்கள் செய்கிற வேலை என்பதால் லேசு என்றார்களா, லேசு என்று எழுதிவிட்டுப் பெண்களைப் போட்டார்களா என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. கணக்கு எழுதியவன் நான்தான், கூலி விகிதம் மேலிருந்து வரும்.

அடுத்தது கழிப்பு. புல் மாதிரி ஒல்லி இலை, சுருண்ட இலை, குட்டை, கோணல், வெள்ளை விழுந்தது எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டும். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வரை போகும். பணம் போட்டு வாங்கிய விதை என்று மேனேஜர்மார் வயிறெரிவார்கள். ஆனால் நர்சரியில் தப்பவிட்ட மலடு 25 வருஷம் காட்டில் நின்று உரத்தைத் தின்னும். கழிப்பு நாளில் மண்டோர் அக்காவோடு வாதாடிய சின்னத்துரை ஒருவரும் வென்றதை நான் பார்த்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கழிப்பும் உண்டு. செம்பனையில் தடித்த ஓட்டுப் பழம் டூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள டெனெரா கிடைக்கும். எண்ணெய் அதில்தான் அதிகம். காங்கோவில் பெயர்னார்ட் என்பவரும் கூட்டாளியும் 1941இல் இதை விளக்கி எழுதினார்கள். அதன் பிறகுதான் விதைக்காரர்கள் கலப்பு விதையை வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் நாற்றைப் பார்த்து எது டூரா, எது டெனெரா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. மூன்று வருஷம் கழித்துக் குலையை வெட்டி, பழத்தை அறுத்தால்தான் தெரியும். ஆகவே செம்பனை நர்சரி நம்பிக்கையில் ஓடும் தொழில். காட்டில் தானாக விழுந்து முளைத்த கன்றுகளைப் பையில் மாற்றிச் சான்றிதழ் விதை என்று சிறுதோட்டக்காரனிடம் விற்கும் ஆட்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஏமாந்தவனுக்கு அது தெரியவரும்போது விற்றவன் ஊர் மாறியிருப்பான்.

ஒரு பூச்சியையும் சொல்ல வேண்டும். 1981 பிப்ரவரியில் எங்கள் குளுவாங்கில், மாமோர் தோட்டத்தில், கேமரூனிலிருந்து வரவழைத்த ஒரு சின்ன வண்டை விட்டார்கள். ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியல் நிபுணர், செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது காற்று இல்லை, இந்த வண்டுதான் என்று ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்து யூனிலீவர் மூலமாக அதைக் கொண்டுவந்தார். அதுவரை பெண்கள் மகரந்தத் தூளைக் குழலில் ஊதி, பூ பூவாகக் கையால் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த வேலையே காணாமல் போனது. எங்கள் தோட்டத்தில் அந்தப் பெண்களில் சிலர் நர்சரிக்கு வந்தார்கள், சிலர் ஜொகூர் பாருவில் எலெக்ட்ரானிக் பேக்டரிக்குப் பஸ் ஏறினார்கள். பூவை இதழ் இதழாகப் பார்த்துப் பழகிய கண், நர்சரியில் கழிப்புக்கு ரொம்ப உதவியது.

பிறகு நர்சரியைக் குத்தகைக்கு விட்டார்கள். இந்தோனேசிய ஆட்களும் வங்காளதேச ஆட்களும் வந்தார்கள். முளைத்த விதை இப்போது விதைக் கம்பெனியிலிருந்து அட்டைப்பெட்டியில் எண் ஒட்டி வருகிறது. குளுவாங்கில் செம்பனை வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி இந்தத் துறையின் படிப்பாளிகள் நடமாடுகிறார்கள், நல்லதுதான். எங்கள் தோட்டம் கைமாறியபோது என் பதிவேடுகள் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டன. ‘வந்தது, முளைத்தது, கழித்தது, நட்டது’ என்று நாலு பத்தி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வரி. பாத்தி எண் இருக்கும், பாத்தி யாருடையது என்று இருக்காது. எண்ணைச் சொன்னால் ஆளைச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியும். ஏழாம் பாத்தி அந்த மண்டோர் அக்காவுடையது. பன்னிரண்டு, பதின்மூன்று என் அம்மாவுடையவை.

கித்தா விலை கொஞ்சம் ஏறினால் லாபிஸ் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் இப்போதும் போன் செய்து கேட்கிறார்கள், ஒட்டுக்கு வேர்க்கன்று எங்கே கிடைக்கும் என்று. வாங்காதீர்கள், பொறுக்குங்கள் என்கிறேன். பழைய காட்டோரமாக ஆகஸ்டு, செப்டம்பரில் போனால் இன்னும் விழுகிறது. காலையில் பொறுக்கி, மிதப்பதைத் தள்ளி, வயிற்றுப்பக்கம் கீழே வைத்து, அந்த வாரத்துக்குள் மணலில் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன் என்று ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் வந்து பிரயோஜனமில்லை என்றேன்.